சிவப்பு அட்டைக்காரன்

திருடன் எப்படி இருப்பான் என்று அந்தக் கதவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். ஒன்பது நாள் நடந்தும் ஓடியும் தவழ்ந்தும் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் அது என்னையே பிடித்தது. கதவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணாடிக்கும் கம்பிக்கும் என்ன தெரியும். சொன்னதைக் கேட்டது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் தரை போடுகிறவன். டைல்ஸ், கிரானைட், எது கொடுத்தாலும் போடுவேன். இருபத்திரண்டு வருஷம் முட்டிபோட்டே பிழைத்தவன். கடைவீதிக் கட்டடம், விமான நிலையம், பெரிய பெரிய ஓட்டல் எல்லாவற்றிலும் என் தரை இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று மாடி போட்டேன். இரண்டு வருஷம் கழித்து என் மச்சினனை அதே தரை மேல் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை.

என் மனைவி ஓட்டல் துணி வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரி போடுகிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. வாய் மட்டும் இஸ்திரி போடாத துணி மாதிரி, எப்படி மடித்தாலும் மடங்காது.

"நான் தேய்ச்ச விரிப்பையாவது நான் கண்ணால பாக்குறேன்யா," என்பாள். "நீ போட்ட தரைன்னு ஒன்னையாவது எனக்குக் காட்டியிருக்கியா? கோணலா போடுறியோ என்னவோ, யாரு கண்டா."

"கோணலா போட்டா எவன் கூப்பிடுவான்?"

"அதான் ஒவ்வொரு எடமா மாத்திக்கிட்டே இருக்கியே. ஒரே எடத்துல ரெண்டு தடவ கூப்பிட்டாங்களா உன்னை?"

விளையாட்டுக்குத்தான் சொல்வாள். ஆனாலும் குத்தும். வேலை முடிந்து சாவியை ஒப்படைத்த மறுநாள் நாங்கள் யாரோ, அந்தக் கட்டடம் யாரோ. அவளை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போய், முன்வாசல் வழியாக, "இது நான் போட்டது" என்று காட்ட வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா வேலை வந்தது. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பொம்மைக் கோட்டை என்று ஏதேதோ உள்ளே. எனக்கு உள்ளே வேலையில்லை. முன்வாசல் மட்டும்தான். பதினைந்து வழி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் இடுப்பளவு கம்பம், நடுவே இறக்கை மாதிரி கண்ணாடிக் கதவு. அத்தனைக்கும் அடியில் சாம்பல் நிறக் கிரானைட். பதினைந்து வழிக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே கோடு ஓட வேண்டும், நூல் பிடித்த மாதிரி. ஓடியது. நான் போட்டேன்.

அந்த வாசல் எப்படி வேலை செய்யும் என்பதுதான் பத்து மாதம் எங்கள் மத்தியானப் பேச்சு. ஒயர் இழுக்கும் ஒருவன் இருந்தான், ரேடியோ என்று பெயர். திருகினால் பாடுவான், நிறுத்தினால் நிற்கமாட்டான்.

"சீட்டே கெடையாதாம்ணே. மூஞ்சியப் பாத்தே தொறக்குமாம்."

"பல்வலில மூஞ்சி வீங்கியிருந்தா?" என்றார் கூட இருந்த வெல்டர்.

"அதையும் கண்டுபிடிச்சு, 'பல்லைப் பிடுங்குடா'ன்னு சொல்லும்."

"காசு இருக்கவன் மூஞ்சி, இல்லாதவன் மூஞ்சின்னு பிரிச்சு வெச்சிருப்பானுங்க. அதுக்கு எதுக்கு மிஷினு? என்னை ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சா நானே சொல்லிருவேனே."

"மூஞ்சி மட்டும் இல்ல, நடையையும் பாக்குமாம். ஒருத்தன் நடை இன்னொருத்தனுக்கு வராதாம்."

"அப்ப சாயங்காலம் தண்ணி போட்டா நீ வேற ஆளுடா. உனக்கு ரெண்டு சீட்டு."

ரேடியோ என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீ கல்லு போட்டியே, அதுக்கு அடியில தகடு வெச்சிருக்கான் பாத்தியா? எடை பாக்கும். போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. உள்ளருந்து எதையாவது எடுத்துட்டு வந்தா கத்தும்."

"உள்ள தின்னுட்டு வந்தா?"

"அது... செரிக்கிற வரைக்கும் நிக்க வைக்கும்."

இப்படியே போகும். மனசில் பொய் நினைத்தாலே சிவப்பு எரியும் என்றுகூட ஒருநாள் சொன்னான். "அப்ப நீ ஒரு காலமும் உள்ள போக முடியாதுடா" என்று வெல்டர் எழுந்து கை கழுவப் போனார்.

வேலை முடியும் தறுவாயில் மேஸ்திரி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதவுக் கம்பெனி இன்ஜினியர். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, கையில் எப்போதும் சிலேட்டு மாதிரி ஒரு பலகைத் திரை. கதவைச் சோதித்துப் பார்க்க நாற்பது பேர் வேண்டும், ஒன்பது நாள். கூலி உண்டு. கடைசிவரை இருப்பவர்களுக்குத் திறப்பு நாளன்று ஆளுக்கு இரண்டு நுழைவுச் சீட்டு. முன்வாசல் வழியாக.

எனக்குக் கடைசி இரண்டு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள். மற்றவர்கள் வாங்கினார்கள், போட்டார்கள், பெருவிரலை உருட்டினார்கள், போய்விட்டார்கள். நான் வாசித்தேன். என் மகளின் பழைய பாடப் புத்தகத்தை வைத்து நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன் நான். மத்தியானம் முழுக்க ஒரு பக்கம், மறுநாள் மத்தியானம் அடுத்த பக்கம். இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. 'சோதனைக்காக எடுக்கப்படும் முகப் பதிவுகள் யாவும் சோதனை முடிந்ததும் அழிக்கப்படும்.' ரேடியோவைக் கூப்பிட்டு வாசித்தே காட்டினேன்.

"எழுதியிருக்கா?" என்றான்.

"எழுதியிருக்கு."

"அப்ப சரி."

இந்த வாய் இருக்கிறதே, அது ஆயிரம் சொல்லும். எழுதி வைத்தால் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். பிந்திக் கற்றவனுக்கு அந்த வியாதி உண்டு. சின்ன வயசில் கற்றவர்களுக்குச் சின்ன வயசிலேயே குணமாகிவிடும் போல.

முதல் நாள் இன்ஜினியர் பெண் இரண்டு நிறத்தில் அட்டை வைத்திருந்தாள். வெள்ளை அட்டை வாங்கினால் ஒழுங்காகச் சீட்டுக் காட்டி நடந்து போக வேண்டும். சிவப்பு வாங்கினால் சீட்டில்லாமல் எப்படியாவது உள்ளே நுழையப் பார்க்க வேண்டும். கதவு தடுக்கிறதா, ஏமாறுகிறதா என்று அவள் குறித்துக்கொள்வாள். ரேடியோ முண்டியடித்து வெள்ளை வாங்கினான். நடந்து நடந்து போனால் போதுமே. சிவப்பை யாரும் தொடவில்லை. வெயிலில் யார் தாவுவது, யார் தவழ்வது?

நான் வாங்கினேன். சும்மா நடப்பது எனக்கு வேலையாகவே தோன்றவில்லை.

"எப்படி வேணா முயற்சி பண்ணுங்கண்ணா," என்றாள். "உங்களுக்கு என்ன தோணுதோ."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் சொல்லாத வாக்கியம் அது. இங்கே போடு, அங்கே வெட்டு, இன்னும் முடியலையா. இவ்வளவுதான் நான் கேட்டது. உனக்கு என்ன தோன்றுகிறது என்று யார் கேட்டார்கள்? பைத்தியக்காரன் மாதிரி யோசித்தேன். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தேன். முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து போனேன். வெளியே போகிறவன் என்று கதவு திறந்தது. டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு வெல்டரின் முதுகோடு ஒட்டிப் போனேன். இரண்டு பேரையும் ஒரு ஆள் என்றது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் கைதட்டுவாள். "சூப்பர்ண்ணா! எங்க யாருக்கும் இது தோணவே இல்லை." உடனே உட்கார்ந்து எதையோ தட்டுவாள். மறுநாள் அந்த வழி அடைத்திருக்கும்.

நான்காம் நாள் நடந்ததை இன்றைக்கும் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். உயரம் குறைந்த குழந்தைக்கு அனுமதி இலவசம் என்று பலகையில் வாசித்தேன். முட்டியில் பஞ்சுத் திண்டைக் கட்டிக்கொண்டேன். தரை போடுகிறவன் முட்டியில் நடக்கிற மாதிரி உலகத்தில் யாரும் நடக்க முடியாது. எங்களுக்கு அதுதான் நடை. கடகடவென்று போனேன். கதவு பச்சை எரிந்தது. "குழந்தையே, வருக!" என்று பாட்டோடு திறந்தது.

மேஸ்திரி உட்பட நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஜினியர் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "கொழந்தைக்கு மீசை மொளைச்சிருக்கு, கதவுக்குக் கண்ணு தெரியல" என்றான் ரேடியோ. அந்த வாரம் முழுக்க என்னைக் குழந்தை என்றே கூப்பிட்டான். அதையும் அடைத்தாள். என்னை எட்டுத் தடவை முட்டியில் நடக்கவிட்டு, பக்கவாட்டில் படம் எடுத்து, அடைத்தாள்.

ஏழாம் நாள் ஒன்று தற்செயலாக நடந்தது. ஒன்பதாம் வழியில் ஒரு கல் மயிரிழை தூக்கி நிற்கிற மாதிரி எனக்குப் பட்டது. ரசமட்டம் கையில் இல்லை. வழக்கம்போலப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, இடது கண்ணை மூடி வலது கண்ணால் கல்லை நோக்கினேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான் பார்ப்போம். அடுத்த நொடி சங்கு அலறியது. பதினைந்து வழியிலும் கண்ணாடி இறக்கைகள் படபடவென்று மடங்கி உள்ளே போய்விட்டன. அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"அண்ணா! என்னாச்சு? மயக்கமா?"

"இல்லம்மா. கல்லு பாக்குறேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. வழியில் யாராவது விழுந்து கிடந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடுமாம். கூட்டத்தில் மிதிபட்டுச் சாகக் கூடாது என்று ஏற்பாடு. விழுந்தவர் எழுந்து போகிற வரை மூடாதாம். மருத்துவ ஆள் வராமல் காவலாளி தொட்டுத் தூக்கவும் கூடாதாம்.

"அப்ப இதையும் அடைச்சிருங்க," என்றேன். "எவனாவது வேணும்னே படுத்துக்கிட்டா?"

"இதை அடைக்க முடியாதுண்ணா. சட்டம்."

பாருங்கள், எவ்வளவு விசுவாசம் எனக்கு. நுழைய இருந்த பொந்தையெல்லாம் நானே காட்டி, நானே அடைக்க வைத்து, அடைக்க முடியாத ஒன்றுக்கும் வருத்தப்பட்டவன் நான்.

கடைசி நாள் சீட்டுகளைக் கையில் கொடுத்து அவள் சொன்னாள். "உங்க அளவுக்கு யாருமே உதவலண்ணா. இனிமே நீங்க எப்படி வந்தாலும் இந்தக் கதவு உங்களைக் கண்டுபிடிச்சிடும்." அதை மெடல் மாதிரி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

"கதவுக்கு என்னைத் தெரியும்," என்றேன் மனைவியிடம்.

"வாட்ச்மேனுக்கே உன்னைத் தெரியாது. கதவுக்குத் தெரியுமாம்." சொல்லிவிட்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவே முன்வாசலா?"

"முன்வாசல்."

திறப்பு நாளுக்கு அவள் லீவு போட்டாள். என் நகத்திலிருந்த சிமெண்டை ஊசியால் நோண்டி எடுத்தாள், வலிக்க வலிக்க. "கையைக் காட்டுனா கதவு பயந்துரும்" என்றாள். அவளே தேய்த்த சட்டை, விறைத்து நின்றது. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் ஆயிரம் பேர் இருக்கும். கால் தரையில் பட்டதுமே நான் காட்ட ஆரம்பித்திருக்கலாம். வேண்டாம், உள்ளே போய் நின்று திரும்பிப் பார்த்தால்தான் கோடு முழுசாகத் தெரியும், அப்போது காட்டலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் ரேடியோ, அவன் மாமியாரோடு. கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பச்சை. "நல்வரவு" என்றது. உள்ளேயிருந்து கையை ஆட்டினான். "வா அண்ணே! முட்டியில வராதே, நடந்தே வா!"

ஒன்பதாம் வழி. மனைவி சீட்டைக் காட்டினாள், நிமிர்ந்து பார்த்தாள், பச்சை எரிந்தது. போனாள். இறக்கை மூடியது. நான் சீட்டைக் காட்டினேன், நிமிர்ந்தேன்.

சிவப்பு.

சத்தம் வேறு. கம்பத்தின் மேலிருந்த திரையில் என் முகம் வந்தது. இன்றைய முகம் இல்லை. தூசி படிந்த முகம், பஞ்சுத் திண்டு கட்டி முட்டியில் நிற்கிற நான். கீழே எழுத்து. நான் எழுத்துக் கற்றதே அதை வாசிக்கத்தானோ என்னவோ. 'அத்துமீறி நுழைபவர். பலமுறை.'

பின்னால் ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஏதோ பழைய கேசு போல" என்று ஒரு குரல். "பாத்தா அப்படித் தெரியல, சட்டையெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று இன்னொன்று. இரண்டு காவலாளிகள் வந்தார்கள்.

"ஐயா, கொஞ்சம் ஓரமா வாங்க."

"எதுக்கு? சீட்டு இருக்கு."

"சீட்டு இருக்கு. ஆளு சரியில்லைன்னு காட்டுதே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். "என்னய்யா அங்க பஞ்சாயத்து?"

"ஒன்னுமில்ல. இரு."

அவள் திரையைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. படம் போதுமே.

யாரோ கூப்பிட்டு இன்ஜினியர் பெண் ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, திரையைக் கண்டதும் சுருங்கியது.

"ஐயோ அண்ணா, நீங்களா! ஸாரி. டெஸ்ட் லிஸ்ட் இன்னும் உள்ள இருக்கு."

"அழிக்கிறோம்னு எழுதியிருந்தீங்களே. ரெண்டாம் பக்கத்துல."

அவள் முழித்தாள். அதை வாசித்த ஆள் ஒருவன் இருப்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. "அது... மேல இருக்கவங்க வெச்சுக்கிட்டாங்கண்ணா. உங்க பதிவுதான் ரொம்ப நல்லா வந்திருக்கு. திருட்டுத்தனமா வர்ற ஆளு எப்படியெல்லாம் வருவான்னு கத்துக்க இதைவிட நல்ல பதிவு கெடைக்காதுன்னு..." குரலைத் தாழ்த்தினாள். "இதே கதவு இன்னும் ஆறு ஊருக்குப் போகுது. ஸ்டேஷன், ஆஸ்பத்திரிக்கெல்லாம்."

"என் மூஞ்சியோடயா?"

அவள் பலகைத் திரையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு என்னை யாருக்கும் தெரியாததால் வெளியே நின்றேன். இனி எல்லா வாசலுக்கும் என்னைத் தெரியும், அதனால் வெளியே நிற்பேன்.

"ரெண்டு நாள் குடுங்கண்ணா, ஆபீஸ்ல சொல்லி அழிச்சிடுறேன். இப்போதைக்குப் பின்வாசல் வழியா வந்துடுங்க. அங்க இந்தக் கதவு இல்ல. வேலையாளுங்க வர்ற வழி, உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். பத்து மாதம் அந்த வழியாகத்தான் வந்தேன். குப்பைத் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்தாம்மா," என்றாள் இன்ஜினியர் பெண்ணிடம், "என்னையும் வெளிய விடு. பின்வாசல் வழியா இந்த ஆளு வந்தா, நான் இவரோட பொண்டாட்டி இல்ல, சொல்லிட்டேன்."

"உள்ள வந்தவங்க இந்தப் பக்கம் வெளிய வர முடியாதும்மா, அதை அடைச்சாச்சு. அந்தக் கடைசியில போயி..."

"இது என்ன எலிப்பொறியா?"

காவலாளி என் தோளில் கை வைத்தான். "வாங்கய்யா, பின்னால எத்தனை பேரு காத்திருக்காங்க."

நான் கையை உதறினேன். வழிக்குள் இரண்டடி வைத்தேன். மெதுவாக முட்டிபோட்டேன். கையை ஊன்றினேன். படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டேன்.

கல் குளிர்ச்சியாக இருந்தது. சங்கு அலறியது. பதினைந்து வழியும் திறந்தன.

ஆயிரம் பேர் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். பிறகு யாரோ ஒருவன் மூன்றாம் வழியில் சீட்டுக் காட்டாமல் நடந்தான். அதன் பிறகு மடை திறந்த மாதிரிதான். என் வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற பதினான்கிலும் ஓடினார்கள். சீட்டு வாங்கியவன், வாங்காதவன், வேடிக்கை பார்க்க வந்தவன், எதிர்க்கடையில் சாமான் வாங்க வந்தவன், எல்லோரும். நான் தரை மட்டத்தில் செருப்புகளை மட்டும் பார்த்தேன்.

"அண்ணா, எந்திரிங்கண்ணா, ப்ளீஸ்," இன்ஜினியர் பெண் குனிந்து கெஞ்சினாள். அவளுக்குத் தெரியும் இது மயக்கம் இல்லை என்று.

"அழிங்க."

"எழுதிக் குடுத்துடுறேண்ணா, ரெண்டு நாள்ல..."

"எழுத வேண்டாம்! எழுதுனது போதும். அழிங்க. இப்ப. என் கண்ணு முன்னால."

காவலாளிகள் என் கைகளைப் பிடிக்க வந்தார்கள். திறந்த வழியாக என் மனைவி வெளியே வந்து, என் தலைமாட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தொடாதே! எங்க வீட்டுக்காரருக்கு மயக்கம்."

"கண்ணு தொறந்திருக்கேம்மா?"

"ஒரு கண்ணுதானே தொறந்திருக்கு. இது பாதி மயக்கம். டாக்டரக் கூப்பிடு, அப்புறம் தொடு. இத்தனை பேரு போன்ல படம் எடுக்குறாங்க, தொட்டுத் தூக்கித்தான் பாரேன்."

காவலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கோட் போட்ட ஒருவர் வந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஷூ பளபளவென்று இருந்தது. என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். இதுவரைக்கும் எத்தனை பேர் உள்ளே போயிட்டாங்க? யாருக்குத் தெரியும் சார், எண்ணுற மிஷினும் நின்னு போச்சு. இவனுக்கு என்ன வேணுமாம்? சார், அந்தப் பதிவை... அதுக்கு ரெண்டு நாள் ஆகும்னு சொல்ல வேண்டியதுதானே? சொன்னேன் சார். படுத்துட்டாரு சார்.

அவர் யாருக்கோ போன் செய்தார். இரண்டு நாள் ஆகும் வேலை எவ்வளவு நேரத்தில் முடிந்தது தெரியுமா? மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு நிமிஷம்.

இன்ஜினியர் பெண் பலகைத் திரையை என் வலது கண்ணுக்கு நேரே தரையில் வைத்தாள். நான் வரிசையாக இருந்தேன். பெட்டி சுமந்தவன், பின்பக்கமாக நடந்தவன், குழந்தையாக வந்தவன். ஒவ்வொன்றாகத் தட்டினாள், ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் வெறும் வெள்ளை.

"மத்த ஆறு ஊருக்கு அனுப்புனது?"

"அதுவும் இங்கருந்துதாண்ணா போகும்," என்றாள். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

அதற்கு மேல் என்னிடம் கேள்வி இல்லை. எழுந்தேன். சட்டையின் முன்பக்கம் முழுக்கத் தூசி. மனைவி அதைத் தட்டிவிட்டாள், தட்டியது பாதி, அடித்தது பாதி. "நான் தேய்ச்ச சட்டை" என்று முணுமுணுத்தாள். சங்கு நின்றது. கண்ணாடி இறக்கைகள் மெல்ல வெளியே வந்து மூடிக்கொண்டன.

"உள்ள போயிடுங்க, சீக்கிரம்," என்றார் கோட்டுக்காரர், எரிச்சலாக.

"வரிசையில வர்றேன்," என்றேன்.

வரிசையென்று அங்கே எதுவும் இல்லை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இருந்தாலும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். மனைவியின் சீட்டு செத்துப் போயிருந்தது. கோட்டுக்காரர் புதுச் சீட்டு ஒன்று கொடுக்கச் சொன்னார். அவள் முதலில் போனாள். நான் சீட்டைக் காட்டி நிமிர்ந்தேன். கதவு யோசித்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. பச்சை எரிந்தது. என்னை முன்னேபின்னே கண்டிராத மாதிரி, "நல்வரவு" என்றது.

உள்ளே பத்தடி போய் நின்றோம். ரேடியோ எங்கிருந்தோ ஓடி வந்து, "அண்ணே, நான் அப்பவே சொல்லல? மனசுக்குள்ள பாக்கும்னு" என்று ஆரம்பித்தான். நான் திட்டிய திட்டில் அவன் மாமியார் காதைப் பொத்திக்கொண்டாள்.

மனைவி திரும்பி நின்றாள். நான் சொல்லாமலே குனிந்து, ஒன்றாம் வழியிலிருந்து பதினைந்தாம் வழி வரை பார்வையை ஓட்டினாள். விரிப்பின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரி, ஒரு கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தாள்.

"நேராத்தான் போட்டிருக்க," என்றாள்.

அவ்வளவு நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டபோது என் கண் கதவின் மேலேயே இருந்தது. வேறு எதையும் பார்க்கவில்லை. ராட்டினம் எங்கே சுற்றியது, கோட்டை எந்தப் பக்கம் இருந்தது, எதுவும் தெரியாது. ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தோம்.

போன மாதம் ஸ்டேஷனில் அதே மாதிரிக் கண்ணாடிக் கதவு வைத்திருந்தார்கள். மனைவி முன்னால் போனாள். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண் மட்டும் தரைக்குப் போயிற்று. எவனோ அவசரத்தில் போட்ட தரை, கோடு கோணல். படுத்தால் கல் குத்தும்.

பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தினேன்.